ரிப்போர்ட்டில் ‘வொர்க்கிங் டுவர்ட்ஸ்’ என்று வந்தபோது

2023 ஜூலை. இங்கிலாந்தில் கோடை விடுமுறை தொடங்க இன்னும் நான்கு நாள். மகளின் பையிலிருந்து டிபன் டப்பாவை எடுக்கும்போது கூடவே ஒரு பழுப்பு உறையும் வந்தது. இயர் 1 முடிந்ததற்கான ரிப்போர்ட். வாசிப்பு: ‘வொர்க்கிங் டுவர்ட்ஸ்’, அதாவது எதிர்பார்த்த நிலையை இன்னும் எட்டவில்லை. எழுத்து: அதுவும் ‘வொர்க்கிங் டுவர்ட்ஸ்’. கணக்கு: ‘எக்ஸ்பெக்டட்’, எதிர்பார்த்த அளவு வந்திருக்கிறது. கீழே தனியாக ஃபோனிக்ஸ் தேர்வு, எழுத்துகளை ஒலித்துச் சேர்த்துச் சொல்லை வாசிக்கும் தேர்வு, 40-க்கு 27. தேறுவதற்கு 32 வேண்டும் என்று பக்கத்திலேயே போட்டிருந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு அதை மூன்று முறை படித்தேன். அன்று மாலை திருச்சியிலிருந்து அப்பா வீடியோ காலில் வந்தார். “ரிப்போர்ட் வந்துச்சாமே, எத்தனாவது ரேங்க்கும்மா?” என்றார். இங்கே ரேங்க் கிடையாதுப்பா என்றேன். “சரி, மார்க் எவ்வளவு?” என்றார். 27-ஐ நூற்றுக்கு மாற்றிப் பார்த்து, அறுபத்தேழு என்று சொல்ல வாய் வரவில்லை. “நல்லாத்தான் படிக்கிறாப்பா” என்று பேச்சை மாற்றிவிட்டேன். ஆறு வயதுகூட நிரம்பாத குழந்தை பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். என் குரல் மாறியது அவளுக்குப் புரிந்திருக்கும். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இரண்டரை வருடம் ஆகிவிட்டது. அந்தக் காகிதத்தை எப்படிப் படித்திருக்க வேண்டும் என்று இப்போது தெரியும். புதிதாக இங்கே வரும் நம்மவர்கள் அதே இடத்தில் கலங்கி நிற்பதைப் பார்க்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

மறுநாள் காலையில் எங்கள் தெருவிலேயே இருக்கும் யாழ்ப்பாணத்து அக்காவிடம் போய் நின்றேன். இரண்டு பிள்ளைகளை இந்த ஊரிலேயே படிக்கவைத்து ஆளாக்கியவர். “பிள்ளை எந்த லெவலாம்? என்ர மகன் இயர் டூவில 2ஏ எடுத்தவன்” என்றார். ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஏ, பி என்று எதுவும் அதில் இல்லை. இரண்டு பேரும் குழம்பினோம்.

அப்புறம் விசாரித்தபோதுதான் தெரிந்தது, அக்கா சொன்னது பழைய முறை. 1988-இல் இங்கிலாந்தில் தேசியப் பாடத்திட்டம் வந்ததை ஒட்டிப் பிள்ளைகளின் நிலையைச் சொல்ல 1 முதல் 10 வரை லெவல் வைத்தார்கள், பின்னால் அதை 8 ஆகக் குறைத்தார்கள். பிறகு பள்ளிகளில் ஒவ்வொரு லெவலையும் சி, பி, ஏ என்று மூன்று படியாகப் பிரித்துச் சொல்லும் பழக்கம் வந்தது. இயர் 2 முடியும்போது பிள்ளை லெவல் 2-இல் இருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. 2014 செப்டம்பரிலிருந்து இந்த லெவல்களை எடுத்துவிட்டார்கள். ‘நான் 2பி’ என்று பிள்ளைக்குத் தெரிந்தது, எது வரவில்லை என்பது தெரியவில்லை. அடுத்த படிக்குத் தள்ளும் அவசரத்தில் நடுவில் ஓட்டைகள் விழுந்தன என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். ஆகவே பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் பிள்ளை படிக்கவைத்தவர்களிடம் கேட்டால் அந்த அளவுகோல் இப்போது பொருந்தாது.

இப்போதைய நிலவரம் இது. முதல் வருடமான ரிசப்ஷனில் பிள்ளை சேர்ந்த ஆறு வாரத்துக்குள் சுமார் இருபது நிமிடம் ஒரு ஆரம்ப மதிப்பீடு நடக்கும். அதன் மதிப்பெண்ணை நமக்குச் சொல்ல மாட்டார்கள். ஆறாம் வகுப்பு முடியும்போது அந்தப் பள்ளி பிள்ளைகளை எவ்வளவு தூரம் கொண்டுவந்தது என்று பார்ப்பதற்காக எடுத்து வைப்பது அது. ரிசப்ஷன் முடியும்போது 17 இலக்குகளில் ஒவ்வொன்றுக்கும் ‘எமர்ஜிங்’ (இன்னும் எட்டவில்லை) அல்லது ‘எக்ஸ்பெக்டட்’ என்று இரண்டில் ஒன்று. இயர் 1-இல் நாடு முழுக்க ஒரே மாதிரி நடப்பது ஜூனில் வரும் ஃபோனிக்ஸ் தேர்வு மட்டும்தான். மற்றபடி வாசிப்பு, எழுத்து, கணக்குக்கு வரும் சொற்கள் அந்தந்தப் பள்ளி வைத்துக்கொண்டவை. பெரும்பாலும் ‘வொர்க்கிங் டுவர்ட்ஸ்’, ‘எக்ஸ்பெக்டட்’, ‘கிரேட்டர் டெப்த்’. பக்கத்துப் பள்ளியில் வேறு சொல் இருக்கலாம், அதே சொல்லுக்கு வேறு பொருளும் இருக்கலாம்.

இந்தச் சொற்களில் நம்மைக் குழப்பும் ஒரு விஷயம் உண்டு. ‘எக்ஸ்பெக்டட்’ என்றால் அந்த வருடம் முடியும்போது எதிர்பார்க்கப்படுவது. நவம்பரில் ஒரு பள்ளி ‘வொர்க்கிங் டுவர்ட்ஸ்’ என்று எழுதினால், வருடப் பாடம் இன்னும் முடியவில்லை என்பது மட்டுமே அதன் பொருளாக இருக்கலாம். வேறொரு பள்ளி அதே பிள்ளைக்கு, இன்றைய தேதிக்கு எவ்வளவு வர வேண்டுமோ அவ்வளவு வந்திருக்கிறது என்று ‘எக்ஸ்பெக்டட்’ போடும். எனவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இது இன்றைய நிலையா, வருடக் கடைசியை வைத்துச் சொன்னதா? இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் ரிசப்ஷன் வருடத்திலேயே எனக்குப் பாதித் தூக்கம் மிச்சமாகியிருக்கும்.

விடுமுறைக்கு முன் ஆசிரியையைப் பார்க்க நேரம் கேட்டேன். பதினைந்து நிமிடம் கொடுத்தார். உட்கார்ந்ததும் அவர் முதலில் சொன்னது, “இவள் ஆகஸ்ட் குழந்தை, இல்லையா?”

என் மகள் பிறந்தது 2017 ஆகஸ்ட் கடைசி வாரம். இங்கே செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள் எல்லாரும் ஒரே வகுப்பு. நான்கு வயது முடிந்த சில நாளிலேயே ரிசப்ஷனில் போய் உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் இருந்த செப்டம்பர்க் குழந்தைக்கு ஐந்து முடியப்போகிறது. ஐந்து வயதில் ஒரு வருட வித்தியாசம் என்பது வாழ்நாளில் ஐந்தில் ஒரு பங்கு. பென்சில் பிடிக்கும் விரல் வலு, ஒரே இடத்தில் உட்காரும் பொறுமை, கேட்ட வாக்கியத்தை மனதில் வைத்திருப்பது எல்லாவற்றிலும் அது தெரியும். ஃபோனிக்ஸ் தேர்வில் பிறந்த மாதத்துக்குத் தகுந்தபடி மதிப்பெண்ணைக் கூட்டிக் குறைப்பது கிடையாது. நாட்டளவில் பார்த்தாலும் ஆகஸ்ட் பிள்ளைகள் தேறும் விகிதம் செப்டம்பர்ப் பிள்ளைகளைவிடக் குறைவாகவே இருந்துவருகிறது. வருடம் ஏற ஏற இந்த இடைவெளி குறையும். அதற்காக எல்லாவற்றையும் மாதத்தின் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது என்றும் அவர் சொன்னார். சொல்லிவிட்டு மகளின் ஃபோனிக்ஸ் விடைத்தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

அந்தத் தாள்தான் என் கண்ணைத் திறந்தது. ஃபோனிக்ஸ் தேர்வில் 40 சொல். ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பிள்ளை தனியாக வாசித்துக் காட்ட வேண்டும். 20 நிஜச் சொற்கள். மற்ற 20 அர்த்தமே இல்லாத பொய்ச் சொற்கள், பக்கத்தில் ஒரு விசித்திரப் பிராணியின் படம் போட்டிருக்கும், அந்தப் பிராணியின் பெயர் என்பதுபோல. பிள்ளை சொல்லைப் பார்த்துப் பழகி ஒப்பிக்கிறதா, எழுத்து எழுத்தாக ஒலித்துச் சேர்க்கிறதா என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. 2012-இலிருந்து நடக்கிறது.

மகள் தவறவிட்டது 13. அதில் ஆறு ஒரே ரகம்: பொய்ச் சொல்லை நிஜச் சொல்லாக மாற்றி வாசித்திருந்தாள். எப்படி என்று ஒரு பயிற்சித் தாளை வைத்துக் காட்டினார். அதில் ‘ஸ்ட்ராம்’ என்று ஒரு பொய்ச் சொல். இவளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னதும் தயங்காமல் ‘ஸ்டார்ம்’ என்றாள். புயலுக்கான சொல் அவளுக்குத் தெரியும், பிடித்தும் இருந்தது. அர்த்தம் தேடுகிற குழந்தை, அதனால் அர்த்தம் இருப்பதாகத் திருத்திக்கொண்டாள். “இது மோசமான தவறு இல்லை. ஆனால் கண்ணைக் கடைசி எழுத்துவரை நகர்த்தப் பழக வேண்டும்” என்றார். இன்னும் ஐந்து, சொல்லின் கடைசியில் வரும் ‘ஈ’ என்ற எழுத்து. அந்த எழுத்துக்கு அங்கே தனி ஒலி கிடையாது. முன்னால் இருக்கும் உயிரை மாற்றிவிட்டுத் தான் மௌனமாக நிற்கும். விளையாட்டைக் குறிக்கும் ‘கேம்’ என்ற சொல்லை இவள் ‘கம்’ என்று வாசித்திருந்தாள். மீதி இரண்டுதான் அவசரத்தில் போனவை.

27 என்ற எண்ணைப் பார்த்து நான் நினைத்தது, பிள்ளைக்கு வாசிப்பே வரவில்லை என்று. தாளில் இருந்தது இரண்டே இரண்டு பழக்கம். எண் சொல்லாததைத் தவறுகள் சொல்லிவிட்டன. அன்றிலிருந்து எந்தத் தேர்வானாலும் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் தவறான விடைகளைக் காட்ட முடியுமா என்று கேட்கிறேன். பெரும்பாலும் காட்டுகிறார்கள்.

தேறாத பிள்ளைகளுக்கு அடுத்த வருடம் ஜூனில் அதே மாதிரித் தேர்வு மறுபடி உண்டு. நாட்டில் இயர் 1-இல் தேறுவது சுமார் ஐந்தில் நான்கு பிள்ளைகள். இயர் 2 முடியும்போது அது பத்தில் ஒன்பதுக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஒரு வகுப்பில் முப்பது பேர் என்றால் முதல் முறை ஐந்தாறு பேர் தேறாமல் இருப்பது சாதாரணம். பள்ளி வாசலில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் நம் வீட்டில் மட்டும் இடி விழுந்த மாதிரி இருக்கிறது.

அந்த வருடம் முழுக்க வீட்டில் நான் செய்த தவறுகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, எழுத்தின் பெயரைச் சொல்லிக் கொடுத்தது. ‘சி ஏ டி, கேட்’ என்றுதான் நாம் படித்தோம். இங்கே பெயரைச் சொல்வதில்லை, ஒலியைச் சொல்கிறார்கள்: ‘க், ஆ, ட்’. நான் காலையில் ‘சி’ என்பேன், பள்ளியில் ‘க்’ என்பார்கள். 26 எழுத்தை வைத்துக்கொண்டு சுமார் 44 ஒலியை எழுதுகிற மொழியில் குழந்தை ஏற்கெனவே தடுமாறும். நான் அதில் இன்னொரு குழப்பத்தைச் சேர்த்திருந்தேன். தமிழை எழுதியபடியே வாசிக்கலாம் என்று பெருமையாகச் சொல்வோம். ஆனால் கல், பகல், தங்கம் மூன்றிலும் ‘க’ ஒரே மாதிரியா ஒலிக்கிறது? நமக்கு உறைப்பதில்லை, பழகிவிட்டது. குழந்தைக்கு எல்லாமே புதிது.

இரண்டாவது, வாசிப்புப் புத்தகத்தின் நிறம். பள்ளியிலிருந்து வரும் புத்தகங்களின் முதுகில் ஒரு நிறம் இருக்கும். பிங்க், சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, ஆரஞ்சு, டர்க்காய்ஸ் என்று மேலே போகும். மகள் சிவப்பிலேயே பல வாரம் நின்றாள். நண்பர் ஒருவரின் மகன் அதற்குள் ஆரஞ்சுக்குப் போய்விட்டான். நூலகத்திலிருந்து ஆரஞ்சுப் புத்தகங்களை எடுத்துவந்து இரவில் உட்கார வைத்தேன். ஒரு பக்கத்துக்கு எட்டு, பத்துச் சொல்லில் தடுக்கினாள். நான் எடுத்துக் கொடுப்பேன், அவள் திருப்பிச் சொல்வாள். மூன்றாம் வாரம், புத்தகத்தைக் கண்டாலே வயிறு வலிக்கிறது என்று படுத்துக்கொண்டாள். பிறகு ஆசிரியை சொன்ன கணக்கு எளிமையானது. பிள்ளை தானாக வாசிக்கிற புத்தகத்தில் பெரும்பாலான சொற்கள் தடையில்லாமல் வர வேண்டும். அப்போதுதான் கதையில் மனம் நிற்கும். கஷ்டமான புத்தகம் வேண்டுமா, அதை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், அவள் கேட்கட்டும். அன்றே ஆரஞ்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. ரிப்போர்ட் வந்த பிறகு ஒரு மாதம் வீட்டில் தமிழை நிறுத்தினேன். ஆங்கிலம் போதாததால்தான் இப்படி என்று யாரோ சொன்னதை நம்பினேன். அம்மா தொலைபேசியில் பேசும்போதுகூட, “பாப்பாகிட்ட இங்கிலீஷ்ல பேசும்மா” என்றேன். அம்மாவுக்குத் தெரிந்தது ‘ஹலோ’வும் ‘ஈட்டிங்?’கும்தான். பாட்டியும் பேத்தியும் அந்த மாதம் பேசிக்கொண்டதே இல்லை என்று சொல்லலாம். செப்டம்பரில் இயர் 2 ஆசிரியையிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. “உங்களுக்கு எந்த மொழியில் கதை சொல்ல வருமோ அந்த மொழியில் பேசுங்கள். ‘ஏன்’, ‘அதனால்’, ‘ஒருவேளை’ எல்லாம் ஒரு மொழியில் உறுதியானால் இன்னொன்றில் சொல் மட்டும்தான் மாற வேண்டும்” என்றார். அன்று மாலையே அம்மாவைக் கூப்பிட்டேன். குரங்கு தொப்பிக்காரன் கதையை அம்மா நாற்பது நிமிடம் சொன்னார். இவள் இடையில் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டாள்.

இயர் 2-இல் வேறொரு விஷயம் பிடிபட்டது, ‘கிரேட்டர் டெப்த்’. நம் வீடுகளில் இதைத்தான் முதல் ரேங்க் மாதிரி துரத்துகிறோம், அடுத்த வருடப் பாடத்தை இப்போதே சொல்லிக் கொடுத்தால் வந்துவிடும் என்று. என் கணவர் மகளுக்குக் கடன் வாங்கிக் கழிப்பதைக் கற்றுக்கொடுத்துவிட்டார். பக்கம் பக்கமாகப் போட்டாள். பள்ளியிலிருந்து வந்த ஒரு தாளில் இருந்த கேள்வி: 8 + 4 = கட்டம் + 5. கட்டத்தில் இவள் எழுதியது 12.

சமக்குறி என்றால் ‘விடை வருகிறது’ என்று அவள் நினைத்திருந்தாள். இரண்டு பக்கமும் ஒரே எடை என்பது அவளுக்குத் தெரியாது. மூன்றிலக்கக் கழித்தல் போடுகிற பிள்ளைக்கு இது தெரியாமல் இருந்தது எங்கள் இரண்டு பேருக்கும் அதிர்ச்சி. ஊரிலிருந்து கொண்டுவந்த பல்லாங்குழி ஒன்று அலமாரி மேலே கிடந்தது. அதிலிருந்த சோழிகளை எடுத்து இரண்டு தட்டு வைத்தேன். இந்தத் தட்டில் எட்டும் நாலும். அந்தத் தட்டில் ஐந்து. இரண்டும் சமமாக இருக்கணும்னா அந்தத் தட்டில் இன்னும் எத்தனை போடணும்? ஒவ்வொன்றாகப் போட்டு, ஏழாவது சோழியில் நிறுத்தினாள். பிறகு தானாகவே, “அம்மா, இங்க ஒண்ணு எடுத்தா அங்கயும் ஒண்ணு எடுக்கணும்” என்றாள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. ‘கிரேட்டர் டெப்த்’ என்று அவர்கள் தேடுவது இதைத்தான்: தெரிந்த ஒன்றைப் பழக்கமில்லாத இடத்தில் பயன்படுத்தி, ஏன் என்று சொல்ல முடிவது. ரிப்போர்ட்டில் அந்தச் சொல் அவளுக்கு அந்த வருடம் வரவில்லை. நான் தேடவும் இல்லை.

எழுத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மலைக்கோட்டைக்குத் தாத்தாவோடு ஏறியதைப் பற்றி முக்கால் பக்கம் எழுதியிருந்தாள். மூச்சு வாங்கியது, குரங்கு வந்தது, தாத்தா மோர் வாங்கித் தந்தது எல்லாம் இருந்தது. ‘வென்’ என்ற சொல்லில் ‘ஹெச்’ விட்டுப்போயிருந்தது, ஆனால் ஒலிக்குச் சரியாக எழுதியிருந்தாள். அந்த வயதில் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். முக்கால் பக்கத்துக்கும் முற்றுப்புள்ளி ஒன்றே ஒன்று. அதனால்தான் ‘வொர்க்கிங் டுவர்ட்ஸ்’. வாக்கியம் எங்கே முடிகிறது என்று சத்தமாக வாசித்து, மூச்சு விடும் இடத்தில் மேசையைத் தட்டச் சொன்னோம். இரண்டு மாதத்தில் புள்ளிகள் வந்துவிட்டன. கதை ஏற்கெனவே அவளிடம் இருந்தது.

2024 ஜூனில் மறுபடி ஃபோனிக்ஸ். 37. இயர் 2 கடைசியில் நடந்துவந்த தேசியத் தேர்வு அந்த வருடம் முதல் கட்டாயமில்லை. பள்ளி விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். எங்கள் பள்ளியில் வைத்தார்கள், எப்போது நடந்தது என்று மகளுக்கே தெரியாது.

இப்போது மகன் ரிசப்ஷனில் இருக்கிறான். அவன் 2020 அக்டோபரில் பிறந்தவன், வகுப்பில் மூத்தவர்களில் ஒருவன். எல்லாக் கட்டத்திலும் அவனுக்குச் சுலபமாக டிக் விழுகிறது. அக்காவைவிடக் கெட்டிக்காரன் என்று சொந்தக்காரர்கள் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். சொல்லும்போதெல்லாம் இரண்டு பேரின் பிறந்த மாதத்தையும் எடுத்துச் சொல்கிறேன், மகள் காதில் விழும்படியே.

நவம்பரில் பெற்றோர் சந்திப்புக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனேன். யாரும் உதவாமல் தனியாக என்ன செய்கிறான்? எந்த இடத்தில் நின்றுவிடுகிறான்? அடுத்து நாங்கள் வீட்டில் செய்ய வேண்டிய ஒரே ஒரு விஷயம் எது? எந்த நிலையில் இருக்கிறான் என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆசிரியை தன் குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு, முதல் ஒலியை நன்றாகப் பிடிக்கிறான், சொல்லின் கடைசி ஒலிதான் இன்னும் காதில் விழவில்லை, ‘ஃபிஷ்’ என்று எழுதச் சொன்னால் ‘ஃபி’யோடு நிறுத்திவிடுகிறான் என்றார்.

கடைசி எழுத்தைப் பிடித்து அடுத்த சொல் சொல்கிற விளையாட்டை நாம் எல்லாரும் சின்ன வயதில் ஆடியிருப்போம். இந்த மாதம் முழுக்க இரவில் விளக்கை அணைத்த பிறகு அதைத்தான் ஆடுகிறோம். மகள் ‘குடை’ என்பாள். அவன் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, இருட்டில் மெதுவாக ‘டை… டை…’ என்று சொல்லிப் பார்ப்பான். அப்புறம் ‘டைனோசர்!’ என்று கத்துவான்.